கழுத்தளவு

மாமியின் கழுத்தைச் சுற்றித் தையல் நாடாவைப் போட்டார் மயக்க மருந்து வைத்தியர். இறுக்காமல் பிடித்துப் பார்த்து, 41 சென்ரிமீற்றர் என்று கிளினிக் கொப்பியில் எழுதினார்.

"சட்டை தைக்கப் போறீங்களா டொக்டர்?" என்றா மாமி.

பித்தப்பைக் கல்லுக்குத்தான் ஒப்பரேசன். கல் கிடப்பது வயிற்றில், இவர்கள் தொண்டையை ஏன் ஆராய்கிறார்கள் என்பது அவவின் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். 1980களில் என் அப்பாவுக்குக் குடல்வால் ஒப்பரேசன் நடந்தபோது கேட்டவை மூன்றே கேள்விகளாம்: விடியச் சாப்பிட்டதா, பல் ஏதும் ஆடுதா, முந்தி ஒப்பரேசன் செய்ததா. நிறை பார்த்தார்கள். அதுவும் மருந்தின் அளவுக்காக. அப்பா 52 கிலோ.

அந்தக் காலத்தில் எங்கள் கிழக்கிலங்கை ஊரான தன்னாமுனையில் 52 கிலோதான் வழமை. விடியப்புறம் வாவியில் தோணி தாங்குகிறவனுக்கும், வீச்சுவலையைத் தோளில் போட்டுக் கரை நீளத்துக்கு நடக்கிறவனுக்கும் உடம்பு வைக்க நேரம் ஏது? இன்றைக்குச் சூசையப்பர் கோயிலுக்குப் போகவும் மோட்டார் சைக்கிள் வேண்டும். சீனி வருத்தத்துக்குக் குளிசை போடாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2005, 2006இல் நாட்டில் பெரிய கணக்கெடுப்பொன்று நடந்தது. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 25 பேர் அளவுக்கு மிஞ்சிய நிறை, இன்னும் 9 பேர் உடற்பருமன் என்றது அது. யுத்தம் காரணமாக வடக்கையும் கிழக்கையும் அதில் சேர்க்கவில்லை. எங்களை எண்ண ஆள் வரவில்லை. நாங்கள் பாட்டுக்குத் தடித்துக்கொண்டோம்.

தடிப்புக்கும் தொண்டைக்கும் என்ன தொடர்பு? வாவியில் சுழியோடிப் பழகியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் ஏறியதும் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். நெஞ்சுக்குள் அடைத்து வைத்த ஒக்சிசனைக் கொண்டுதான் அவர் தண்ணீருக்கடியில் இருக்கிறார். அதற்குள் குரல்வளையைக் கண்டு, மூச்சுக்குழாய்க்குள் ரியூப்பை இறக்க வேண்டும். முன்கூட்டியே ஒக்சிசன் நிரப்பிய திடகாத்திரமான ஆளுக்கு ஏறத்தாழ 8 நிமிடம் கிடைக்கும். மிகவும் பருத்தவருக்கு 3 நிமிடம்தான். மல்லாந்து படுத்தால் வயிறு மேலேறி நெஞ்சை நெருக்கும். நிரப்புகிற பானை சின்னன், குடிக்கிற வாய் பெரிசு.

ஆகவே ரியூப் போடுவது கடினமாகுமா என்று முன்னரே அறியவேண்டிய தேவை. குண்டூர் மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன சேஷகிரிராவ் மல்லம்பட்டி, 1985இல் 210 பேரின் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னால் உள்நாக்குத் தெரிகிறதா, நாக்கே எல்லாவற்றையும் மறைக்கிறதா? அதை வைத்து மூன்று வகை பிரித்தார், நான்காவது வகையைப் பிறர் 1987இல் சேர்த்தார்கள். அந்தத் தெலுங்குப் பெயரை இன்றைக்கு உலகத்து மயக்க மருந்து வைத்தியர் எல்லாரும் உச்சரிக்கிறார்கள்.

மாமியும் நாக்கை நீட்டினா. "ஆ எண்டு சொல்லாதீங்க அம்மா" என்றார் வைத்தியர். சத்தம் போட்டால் அண்ணம் உயர்ந்து பொய் காட்டுமாம். மறுகா கீழ்ப்பல்லால் மேலுதட்டைக் கடிக்கச் சொன்னார். மறுகா மாமாவிடம் திரும்பி, "குறட்டை விடுவாவா?" என்று கேட்டார்.

"ஓலைக் கூரையெண்டா எப்பவோ பறந்திருக்கும் டொக்டர்."

நிறை மட்டும் பெரிதாகச் சொல்வதில்லை என்பதுதான் எனக்குப் புதினம். அமெரிக்காவில் மிகவும் பருத்த 100 பேரைப் பார்த்து 2002இல் எழுதினார்கள்: உடல் திணிவுச் சுட்டி கடினத்தைக் காட்டவில்லை, கழுத்தின் சுற்றளவும் மல்லம்பட்டி வகையுமே காட்டின. 40 சென்ரிமீற்றர் கழுத்தென்றால் கடினமாகும் வாய்ப்பு நூற்றுக்கு 5, 60 என்றால் 35. கொழுப்பு எவ்வளவு என்பதைவிட, அது எங்கே போய் இருக்கிறது என்பதுதான் விசயம்.

இவ்வளவும் பார்த்தாலும் குறி தப்பும். டென்மார்க்கில் 1,88,000க்கு மேற்பட்டவர்களின் பதிவுகளைப் புரட்டி 2015இல் வெளியிட்டார்கள். ரியூப் போடக் கடினமாக இருந்தவர்களில் நூற்றுக்கு 93 பேரை முன்கூட்டி யாரும் சந்தேகிக்கவில்லை. கடினம் என்று எழுதிவைத்தவர்களிலும் நால்வரில் ஒருவர்தான் உண்மையில் கடினம். சாத்திரக்காரனின் கணக்கு இதைவிட மோசமாயிராது என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் சாத்திரக்காரன் தன் பிழையைத் தானே எண்ணிப் பார்த்து அச்சில் போடுவதில்லை.

அதனால் மாற்றத்தை நான் தியேட்டருக்குள்ளேதான் காண்கிறேன். அப்பாவைத் தட்டையான மேசையில், தலைக்கு ஒரு தலையணையோடு படுக்க வைத்தார்களாம். மாமிக்குத் தோளில் இருந்து தலைவரை மடித்த போர்வைகளை அடுக்கிச் சரிவு கட்டினார்கள். பக்கவாட்டில் பார்த்தால் காதுத் துவாரமும் நெஞ்செலும்பின் மேல்குழியும் ஒரே மட்டம். அப்படி வைத்தால் மூச்சும் இலேசு, குரல்வளையும் கண்ணுக்குப் படும். குரல்வளையைப் பார்க்க 1943இல் மக்கின்ரொஷ் செய்த வளைந்த தகடு இன்றும் தட்டில் இருக்கிறது. பக்கத்தில், நுனியில் கமரா வைத்த அதன் பேரப்பிள்ளை. அதுவும் சரிவராவிட்டால் தொண்டையில் அமர்த்தும் முகமூடிக் குழாய், அதற்கும் அடுத்ததாக என்ன செய்வது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்ட பிறகுதான் மருந்து ஏற்றினார்களாம். இதையெல்லாம் வைத்தியர் பிறகு எங்களுக்குச் சொன்னார்.

மாமியின் உள்நாக்கு நாக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தது, மூன்றாம் வகை. கழுத்து 41. குறட்டை கூரை பறக்க. ஆனால் ரியூப் முதல் தரமே சுகமாக இறங்கிற்றாம்.

அதையும் அவர் கொப்பியில் எழுதினார்: எந்தத் தகடு, எத்தனையாம் தரம், குரல்வளை எவ்வளவு தெரிந்தது, அடுத்து மயக்கம் கொடுக்கிறவர் கவனிக்க. தொண்டை நோவோடு வீட்டுக்கு வந்த மாமி அந்தக் கொப்பியை அடையாள அட்டையும் செபமாலையும் இருக்கும் பைக்குள் வைத்தா.

"கவனம் மனெ," என்றா, "இதுக்குள்ளதான் என்ட தொண்டை கிடக்கு."