கையூன்றிக் கரணம் அடிக்கும் முன்

புவனகிரிப் பக்கம் பிள்ளைகள் பக்கவாட்டில் கரணம் அடிக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. வெள்ளாற்று மணல் உண்டு, பள்ளிக்கூட மைதானம் உண்டு. பக்கத்துச் சிதம்பரத்தில் நடராஜர் கோயில் கோபுர வாயில்களில் நாட்டிய சாஸ்திரக் கரணங்கள் சிற்பங்களாகவே நிற்கின்றன. அந்த 108 கரணங்களில் கடைசியான கங்காவதரணத்தில் கை தரை நோக்கும், பாதம் வான் நோக்கும். உடம்பைத் தலைகீழாக்கும் ஆசை நம் மண்ணில் பழையது. அதற்கு உடம்பைத் தயார் செய்கிறோமா என்பதுதான் என் கவலை.

வேகம் காலில் பிறக்கிறது

கரணம் கைவித்தை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். முன்காலை எட்டி வைத்து முழங்காலை மடக்கும்போது தொடையின் முன்தசையும் பிட்டத் தசையும் பாரத்தை ஏற்கின்றன. பின்கால் மேலே வீசப்பட, முன்காலின் கெண்டைத்தசை தரையை உந்துகிறது. பிறகு கை, கை, கால், கால் என்று ஒரே கோட்டில் ஒவ்வொன்றாகத் தரை தொட வேண்டும். தொடையின் உட்தசைகள் இளகாதவர்களுக்குக் கால்கள் விரியாது, கரணம் பாதியில் சரியும்.

தோளும் இடுப்பும்

கை ஊன்றியதும் உடம்பின் பாரம் தோளுக்கு மாறுகிறது. தோள்மூட்டுக் குழி ஆழமற்றது. எலும்பை அதில் நிறுத்தி வைப்பதில் சுற்றியுள்ள தசைகளுக்கே பெரும்பங்கு. விலாவோரத்து ரம்பப்பல் தசை தோள்பட்டை எலும்பைச் சுழற்றிக் கொடுத்தால்தான் கை காதை ஒட்டி நிமிரும். டிரைசெப்ஸ் முழங்கையை மடங்காமல் பிடிக்கும். இடுப்பு தொய்யாமல் காப்பவை வயிற்றின் சாய்தசைகள். பார்வை இரு கைகளுக்கு நடுவே தரையில் இருந்தால், உட்காதும் கண்ணும் ஒத்துழைத்துத் தலைசுற்றலைக் குறைக்கும்.

மணிக்கட்டைச் சோதியுங்கள்

ஊன்றும் நொடியில் மணிக்கட்டு ஏறக்குறைய 90 டிகிரி பின்னால் வளைகிறது. வளரும் பிள்ளைகளுக்கு முன்கை எலும்பு நுனியில் மென்மையான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. வலியோடு தொடர்ந்து பழகினால் அது பாதிக்கப்படும். தவழும் நிலையில் உள்ளங்கையை ஊன்றி, தோளை மணிக்கட்டுக்கு நேர்மேலே கொண்டு வாருங்கள். வலித்தால் கரணம் இப்போதைக்கு வேண்டாம். வலி இல்லையென்றால் சில வாரம் தண்டால் நிலையில் நின்றும், சுவரில் கால் சாய்த்தும் தோளைப் பலப்படுத்தலாம். பொலபொலவென்ற மணலில் கை புதைந்து மணிக்கட்டு திருகிவிடும். புல்தரையோ மெத்தையோ நல்லது. கண் அழுத்த நோய், கட்டுக்குள் வராத ரத்தக்கொதிப்பு, எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும்.

விழுந்துவிட்டால்

கரணம் தப்பினால் மரணம் என்பார்கள். அடிக்கடி நடப்பது மணிக்கட்டும் முழங்கையும் முறிவதுதான். பிள்ளைகள் கையை நீட்டி விழும்போது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறியலாம். அங்கே ரத்தக்குழாய் நெருக்கமாக ஓடுகிறது. வீக்கத்தின் மேல் இறுக்கமாகக் கட்டுப் போட்டால் ரத்தம் தடைபட்டு, முன்கைத் தசைகள் செத்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிவிடக்கூடும். ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மன் இதை 1881-லேயே விளக்கிவிட்டார். இன்றும் நடக்கிறது என்பது வேதனை.

முழங்கை வீங்கினால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள், இழுக்காதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கை இருக்கும் நிலையிலேயே அட்டையோ துணியோ கொடுத்துத் தாங்கிப் பிடித்து, எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். விரல்கள் சில்லிட்டாலோ, வெளுத்தாலோ, மரத்துப்போனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.