தமிழ் போர்டைப் பார்த்து ஏமாறாதீங்க!

"சிங்கப்பூர்தானேடா... அங்கேயும் தமிழ்தான். எதுக்கு இத்தனை அமர்க்களம்?" என்றாள் அம்மா, குருமாப் பொடி டப்பாவைப் பெட்டிக்குள் திணித்தபடி.

"பொடியில என்னம்மா போட்டிருக்கே?"

"தனியா, சோம்பு, பட்டை, கசகசா..."

டப்பாவைப் பிடுங்கி வெளியே வைத்தேன். அன்று முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை.

கசகசா நமக்குப் பாயசம். ஆனால் அது அபின் எடுக்கிற செடியின் விதை. போதைப்பொருள் தடுப்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை சிங்கப்பூருக்குள் கொண்டுபோக முடியாது. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் அடியோடு தடை!

முன்பின் தெரியாத ஊர் என்றால் பயந்து, நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டு போவோம். தெரிந்த ஊர் மாதிரி இருந்தால்தான் வம்பு. தமிழ் அங்கே ஆட்சிமொழி. தேக்கா பக்கம் போனால் மல்லிகைப் பூவும் வாழையிலைச் சாப்பாடும் கிடைக்கும். சட்டம் மட்டும் நம்ம ஊர்ச் சட்டம் இல்லை!

எனவே, பெட்டி கட்டுமுன் ஒரு செக்-லிஸ்ட்:

அப்பாவின் வெற்றிலைச் செல்லத்தில் புகையிலை இருக்கிறதா? எடுத்துவிடுங்கள். வாயில் அடக்கும் புகையிலைக்குத் தடை. சூயிங்கம்முக்கு 1992 முதலே தடை. மின்-சிகரெட்டை வைத்திருந்தாலே குற்றம். சாதா சிகரெட்டுக்கு, முதல் குச்சியிலிருந்தே வரி கட்ட வேண்டும்.

மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள். சில தூக்க மாத்திரைகளுக்கும், கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கணும். கிளம்புகிற அன்று ஞாபகம் வந்து பிரயோஜனமில்லை.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசா தவிர, வருகை அட்டை என்று ஒன்று உண்டு. போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள், அரசாங்க இணையதளத்தில் நிரப்ப வேண்டும். இலவசம்! காசு கேட்டால் அது வேறு யாரோவுடைய கடை.

நம் உருண்டைப் பின் பிளக் அங்கே நுழையாது. மூன்று பட்டைப் பின் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டல் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் உஷார்! நூறு டாலர் சாப்பாட்டுக்கு சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம். அந்த 110 மேல் ஜி.எஸ்.டி. ஒன்பது சதவீதம். ஆக, பில் 119 டாலர் 90 காசு! பி.காம். படித்த எனக்கே ஏப்பம் பாதியில் நின்றுவிட்டது.

மெட்ரோ ரயிலில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். அபராதம் 500 டாலர் வரை போகும்.

கடைசியாக ஒன்று. சென்னை ஏர்போர்ட் க்யூவில் ஒருவர் வந்தார்.

"ஸார், என்கிட்ட வெயிட் ஜாஸ்தி. இந்த ஒரு பார்சலை மட்டும்..."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால், குறிப்பிட்ட அளவுக்கு மேல் போதைப்பொருள் கடத்தினால் அங்கே தூக்கு. பொருள் உங்கள் கையில் இருந்தால், "எனக்குத் தெரியாது" என்பதை நிரூபிக்க வேண்டியவரும் நீங்களேதான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"பெத்த தாய் அரைச்ச பொடியையே இவன் எடுத்துட்டு வரலை. உங்க பார்சலையா எடுத்துட்டு வருவான்? போங்க தம்பி!"