முதற்பதிப்பும் ஊர்ப்பெருமையும்

பெருங்களூரில் 1922இல் பிறந்த அகிலன், 'சித்திரப்பாவை'க்காக 1975ஆம் ஆண்டின் ஞானபீட விருது பெற்றார். 'நம்ம ஊர்க்காரர்' என்று புதுக்கோட்டையில் கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் விருது பெயரைத்தான் கொண்டாடுகிறது, பிரதியை அல்ல. பரிசு வாங்காத நம்மாட்களை எங்கே போய்த் தேடுவது?

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி உருவாக்கிய ஞானாலயா நூலகம் வழிகாட்டுகிறது என்பேன். அங்கே சேர்ந்திருக்கும் முதற்பதிப்புகள் வெறும் பழைய காகிதமில்லை. மறுபதிப்பில் கழன்றுபோகிற முன்னுரை, சமர்ப்பணம், அச்சக முகவரி, பின்னட்டை விளம்பரம் எல்லாம், எழுதியவர் யாரோடு பேசினார், யாரோடு மல்லுக்கட்டினார் என்று காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை வெட்டிவிட்டால் மிஞ்சுவது காலமற்ற 'மேதை'. சிலை வைக்கத்தான் லாயக்கு.

எழுத்தாளரைக் கண்டெடுப்பது என்பது, அவரை அவர் காலத்துச் சர்ச்சைகளுக்குள் வைத்துத் திரும்ப வாசிப்பது. விழா எடுக்கும் தோழர்களே, முதலில் உங்கள் ஊர்ச் சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்களைச் சேர்த்துவையுங்கள்.