ஊர் ஊராய் உருண்ட பந்து

வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் தொடங்கி மறையூர், மூணாறு, குமுளி வரை நீளும் எல்லைப்புற ஊர்களில் மாலைப் பொழுதைக் கால்பந்தின்றி எண்ணிப் பார்ப்பது கடினம். அறுவடை முடிந்த வயல்களும் தேயிலைத் தோட்டத்து மைதானங்களும் திடல்களாக மாறிவிடும். மூணாற்றில் தோட்ட அணிகள் மோதும் ஃபின்லே கேடயப் போட்டி தலைமுறைகளைத் தாண்டி நடந்து வருகிறது. பாலக்காட்டு நூரணித் திடலோ கால்பந்து அன்பர்கள் அனைவரும் அறிந்த இடம். இவ்வூர்ப் பெற்றோர் பலரின் உள்ளத்தில் ஒரு கேள்வி உண்டு: "பந்தை நம்பி என் பிள்ளை பிழைக்க முடியுமா?" அக்கேள்விக்கு விடை தேட, இம்மண்ணுக்கு அருகில் பிறந்து நாடெங்கும் சுற்றிவந்த ஒருவரின் வாழ்க்கையை நாம் காண்போம்.

சாலக்குடியிலிருந்து புறப்பட்டவர்

பரம்பிக்குளம், சோலையாறு முதலிய ஆனைமலை ஓடைகள் கூடி உருவாவது சாலக்குடி ஆறு. அவ்வாற்றங்கரை ஊரில் 1945இல் பிறந்தவர் டி.கே. சாத்துண்ணி. தற்காப்பு ஆட்டக்காரரான அவரது பயணத்தில் செகந்திராபாத்தின் இராணுவ அணியான இ.எம்.இ., கோவாவின் வாஸ்கோ, மும்பையின் ஆர்க்கே மில்ஸ் ஆகியவை அடுத்தடுத்து இடம்பெற்றன. மெர்டேக்கா போட்டியில் இந்திய அணிக்காகவும் அவர் ஆடினார்.

இந்தப் பட்டியலைச் சற்றே கூர்ந்து நோக்கினால் அக்காலத்துக் கால்பந்தின் பொருளாதாரம் புலப்படும். இராணுவப் பிரிவு ஒன்று, நெசவாலை ஒன்று. அன்றைய ஆட்டக்காரர் பலருக்குச் சோறிட்டவை இத்தகைய நிறுவனங்களே. கேரளத்திலும் உர ஆலை, டயர் ஆலை, காவல்துறை, வங்கி ஆகியவை தத்தம் அணிகளை வளர்த்தன. மாதச் சம்பளமும் ஓய்வுக்காலப் பயன்களும் உறுதியாக இருந்தமையால் காலணிகளைக் கழற்றி வைத்த பின்னும் அடுப்பு எரிந்தது.

ஆட்டத்தை நிறுத்திய பின் சாத்துண்ணி பயிற்சியாளராகி மீண்டும் மூட்டை கட்டினார். கேரளக் காவல்துறை, சால்கோகர், சர்ச்சில் பிரதர்ஸ், மோகன் பகான், எஃப்.சி. கொச்சின், விவா கேரளா எனப் பல அணிகள் அவரது கண்டிப்பையும் அரவணைப்பையும் கண்டன. 1990இல் திருச்சூரில் கேரளக் காவல்துறை அணி ஃபெடரேஷன் கோப்பையை வென்றது அவரது பயிற்சியில்தான். 1997–98 பருவத்தில் மோகன் பகான் தேசிய லீக் பட்டத்தை முதன்முறையாகக் கைப்பற்றியபோதும் அவரே பயிற்சியாளர். தம் வாழ்க்கைக் கதைக்கு அவர் சூட்டிய பெயர் 'ஃபுட்பால் மை சோல்'. 2024 ஜூன் 12 அன்று அவர் மறைந்தார்.

எல்லை கடந்த பயணம் ஒருவழிப் பாதையும் அன்று. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய தமிழகத்துச் சைமன் சுந்தரராஜ்தான், 1973இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர். எர்ணாகுளத்தில் நடந்த இறுதியாட்டத்தில் இரயில்வே அணியை 3–2 என வீழ்த்திய அன்று, மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி.

இருவேறு பாதைகள்

சாத்துண்ணியிடம் பயின்றவர்களுள் திருச்சூரின் ஐ.எம். விஜயனை அறியாதார் இலர். திடலில் சோடா விற்ற சிறுவன் பதினேழு வயதில் காவல்துறை அணியில் சேர்ந்தார். பின்னர் கொல்கத்தா, பஞ்சாப், கோவா எனப் பெரிய கழகங்களுக்குச் சென்று புகழடைந்தார். எனினும் காவல்துறைப் பணிக்கே திரும்பி, பதவி உயர்வுகள் பெற்று, 2025இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது.

மற்றொரு பாதை நம் பாலக்காட்டிலிருந்தே புறப்பட்டது. ஆர். தனராஜன் விவா கேரளாவில் ஆடினார்; மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்னும் கொல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களின் சீருடையையும் அணிந்தார். 2019 டிசம்பர் 29 அன்று பெருந்தல்மண்ணையில் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டியில் ஆடிக்கொண்டிருக்கையில் நெஞ்சுவலியால் சாய்ந்து உயிர்நீத்தார். வயது 39. அவரது குடும்பத்திற்கு நிதி திரட்ட, அடுத்த மாதம் நூரணித் திடலில் ஆட்டம் ஒன்று ஏற்பாடாயிற்று. அன்று தற்காலிகப் பார்வையாளர் மேடை சரிந்து பலர் காயமுற்றது மற்றொரு துயரம்.

திறமையில் இவ்விருவரையும் ஒப்பிடுவது நம் நோக்கமன்று. நிறுவன அணிகள் குறைந்து, பருவ ஒப்பந்தங்கள் பெருகியுள்ள காலம் இது. ஒப்பந்தம் முடிந்தால் வருமானமும் முடிகிறது. 1997இல் தோன்றி, அவ்வாண்டே டுராண்ட் கோப்பையை வென்ற முதல் கேரளக் கழகம் என்னும் பெருமை பெற்ற எஃப்.சி. கொச்சின்கூட நிதி நெருக்கடியால் சில ஆண்டுகளிலேயே கலைந்தது. ஆதலின், முன்பு நிறுவனம் அளித்த காப்பை இன்று ஆட்டக்காரர் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

சுற்றித் திரிவோர்க்குச் சில குறிப்புகள்

முதலாவது, கணக்கு. ஊருக்கு ஊர் கணக்குத் தொடங்கிவிட்டு மறந்து போவோர் உளர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் வழியே வரவு செலவு ஏதும் நடவாத கணக்கு செயலற்றதாகும். பத்து ஆண்டுகள் உரிமை கோரப்படாத தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் விழிப்புணர்வு நிதிக்குச் செல்லும். அதன் பின்னும் உரியவரோ வாரிசோ அதனைக் கோரிப் பெறலாம். ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' இணையதளம் அதற்கு வழிகாட்டும். எனினும், ஒரே கணக்கை வைத்துக்கொண்டு, ஊர் மாறும்போது கிளையை மட்டும் மாற்றிக்கொள்வதே எளிது. வாரிசு நியமனம் பதிவாகியுள்ளதா என்பதையும் சரிபார்த்தல் நலம்.

இரண்டாவது, காப்பீடு. இங்கே ஒரு வேறுபாடு பலருக்கும் தெரிவதில்லை. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில் 2 இலட்சம் வழங்கும் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா விபத்துக்கு மட்டுமே உரியது. திடலில் நேர்ந்தாலும் மாரடைப்பு விபத்தாகக் கருதப்படுவதில்லை. ஆண்டுக்கு 436 ரூபாய் செலுத்தும் பிரதமர் ஜீவன் ஜோதி பீமா யோஜனாவோ எக்காரணத்தால் மரணம் நேரினும் 2 இலட்சம் அளிக்கும். விபத்தல்லாத மரணத்திற்குச் சேர்ந்த முதல் 30 நாட்கள் மட்டும் விலக்கு. 18 முதல் 50 வயதுக்குள் இதில் சேரலாம். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 456 ரூபாய். ஒரு காலணியின் விலைகூட ஆகாது. ஆண்டுதோறும் மே இறுதியில் கட்டணம் பிடிக்கப்படுகையில் கணக்கில் அத்தொகை இருத்தல் வேண்டும். பருவம் முடிந்து கை வறண்டிருக்கும் மாதமும் பலருக்கு அதுவே.

மூன்றாவது, சேமிப்பு. ஆட்டக்காரரின் வருமானம் மழை போன்றது. பெய்யும்போது தேக்கிவைத்தால்தான் கோடைக்கு உதவும். பொது வருங்கால வைப்பு நிதியில் ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் 1.5 இலட்சம் செலுத்தலாம். தொகையை ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்ளலாம் என்பதால் ஒழுங்கற்ற வருவாய் உடையோர்க்கு இது பொருந்தும். இருபது வயதில் தொடங்கினால், கால்கள் ஓய்வு கேட்கும் முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதில் அது முதிர்வடையும். ஏழாம் ஆண்டிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளவும் விதிகள் இடமளிக்கின்றன.

"பந்தை நம்பிப் பிழைக்க முடியுமா?" என்று கேட்கும் பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே: சாத்துண்ணியைப் போல் ஊர் ஊராய்ச் சென்று வாழ்ந்து காட்டியோர் உளர். பிள்ளை ஆடட்டும். முதல் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் நாளன்றே அவரை அருகிலுள்ள வங்கிக் கிளைக்கும் ஒருமுறை அழைத்து வாருங்கள்.