வேண்டுவன வைத்தான் தில்லைக் கூத்தன்

தேவார ஏடுகள் தில்லைத் திருக்கோயிலில் கண்டெடுக்கப்பட்ட வரலாற்றைச் சைவ அன்பர்கள் நன்கு அறிவர். தேவாரப் பாடல்களைக் கேட்டு உருகிய சோழ மன்னன், அவை முழுவதையும் பெற விரும்பித் திருநாரையூர் சென்று நம்பியாண்டார் நம்பியை வணங்கினான். பொள்ளாப் பிள்ளையாரின் திருவருளால், ஏடுகள் தில்லையில் இருப்பதை நம்பி உணர்ந்து உரைத்தார். அங்கே பூட்டிய ஓர் அறையில், மூவரின் கை இலச்சினையோடு அவை இருந்தன. பாடிய மூவரும் வந்தாலன்றி அறையைத் திறக்க இயலாது என்றனர் தில்லைவாழ் அந்தணர். மன்னன் மூவரின் திருவுருவங்களையும் அங்கே எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தான்.

உள்ளே ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கிப் பார்த்தபோது பெரும்பாலானவை அரிக்கப்பட்டிருந்தன. மன்னன் மனம் கலங்கினான். அவ்வேளையில், இக்காலத்தவர்க்கு வேண்டியவற்றை வைத்து எஞ்சியவற்றைச் செல்லரிக்கச் செய்தோம் என்ற பொருளில் ஓர் அசரீரி எழுந்ததாகத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது.

மூவரும் பாடியவை 1,03,000 பதிகங்கள் என்பது மரபு. இன்று கிடைப்பவை ஏறத்தாழ 800. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் அந்த 800 பதிகங்களைக் கொண்டே சைவ உலகம் ஆயிரம் ஆண்டுகளாக இறைவனைப் பாடி வருகிறது. மற்றவை கிடைக்கவில்லையே என்று எந்த அடியாரும் வழிபாட்டை நிறுத்தியதில்லை.

இந்த வரலாறு இன்றைய முதியோர் பலருக்கு மருந்தாக அமையக்கூடியது. ஏனெனில், அவர்கள் கையில் இப்போது கறையான் அணுகாத ஓர் ஏட்டறை இருக்கிறது. அதன் பெயர் கைப்பேசி.

நிறையாத மனம்

பொழுது புலர்ந்து விளக்கேற்றும் முன்பே அது ஒலிக்கத் தொடங்குகிறது. குடும்பக் குழு, குடியிருப்போர் குழு, கோயில் கைங்கரியக் குழு, பள்ளித் தோழர் குழு என ஒவ்வொன்றிலிருந்தும் செய்திகள் வந்து குவிகின்றன. இன்று எத்தனை திரியிட்டு விளக்கேற்ற வேண்டும், எந்தப் பொருளை வாங்கலாகாது, எந்த ராசியினர் எந்தத் தலத்துக்குச் செல்ல வேண்டும், எந்த மந்திரத்தை எத்தனை முறை உருவேற்ற வேண்டும் என்று அறிவுரைகளுக்கு அளவில்லை. ஒன்று சொல்வதை மற்றொன்று மறுக்கிறது.

இவற்றை அனுப்புவோர் பெரும்பாலும் அன்பினால்தான் அனுப்புகின்றனர். விளைவுதான் வேறாக இருக்கிறது. நாற்பது ஆண்டுகளாக விநாயகர் அகவலையும் கந்த சஷ்டி கவசத்தையும் மட்டுமே சொல்லி நிறைவோடு வாழ்ந்த அம்மையார்கள், இன்று பத்துத் துதிகளைச் சொல்லி முடித்த பின்னும், ஏதோ விட்டுப்போயிற்று என்ற தவிப்போடு பூஜையறையிலிருந்து எழுகின்றனர். துதிகள் பெருகின, நிறைவு போயிற்று. வழிபாட்டின் பயன் மன அமைதி என்றால், இழக்கப்படுவது சிறிய பொருளன்று.

ஒரு பெயர்ச்சி, இரண்டு தேதிகள்

செய்திப் பெருக்கு பக்தர்களை எவ்வாறு அலைக்கழிக்கும் என்பதற்கு அண்மைய சான்று சனிப்பெயர்ச்சி. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29 அன்று சனி பகவான் மீன ராசிக்குப் பெயர்ந்தார். அதையொட்டிப் பரிகாரச் செய்திகள் எங்கும் பரவின. காரைக்கால் அருகேயுள்ள திருநள்ளாறு திருக்கோயிலோ வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது. அதன்படி பெயர்ச்சி 2026-ஆம் ஆண்டில்தான் என்று கோயில் நிர்வாகம் விளக்கம் அளிக்க நேர்ந்தது.

இரண்டு பஞ்சாங்கங்களும் தத்தம் கணக்கு முறையில் நெடுங்காலமாக இருந்து வருபவையே. முன்பு ஒரு வீட்டில் ஒரு பஞ்சாங்கமே இருக்கும்; ஆகவே ஐயத்துக்கு இடமில்லை. இப்போது இரண்டும் ஒரே கைப்பேசியில் ஒரே காலையில் வந்து சேர்வதால் குழப்பம் பிறக்கிறது. தீர்வும் எளிதே. குடும்பம் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றி வந்ததோ அதையே கொள்வது. கோயில் விழாவென்றால் அந்தக் கோயிலின் அறிவிப்பையே ஏற்பது. இவ்விரண்டுக்கும் அப்பால் வருவதற்காக உறக்கம் கெட வேண்டியதில்லை.

அச்சம் தரும் செய்திகள்

இச்செய்தியைப் பதினொரு பேருக்கு அனுப்பினால் நற்செய்தி வரும், அனுப்பாவிடில் தீங்கு நேரும் என்று முடியும் செய்திகளைப் பெறாதவர் இரார். அஞ்சேல் என்று அபய கரம் காட்டி நிற்கும் தெய்வம், ஒரு செய்தியை அனுப்பத் தவறியதற்காக அடியவரைத் தண்டிக்கும் என்று எண்ணுவதே அத்தெய்வத்தைக் குறைவாக மதிப்பதாகும். அத்தகைய செய்தியை அக்கணமே நீக்கிவிடலாம். எந்தப் பாவமும் சேராது.

வாட்ஸ்அப் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தென்பட்டால், அது கை மாறிக் கை மாறி, குறைந்தது ஐந்து முறை கடந்து வந்தது என்று பொருள். எழுதியவர் யாரென்று அனுப்பியவருக்கே தெரிந்திராது. எதை யாரிடம் கேட்டாலும் அதன் உண்மையை ஆராய்ந்து கொள்வதே அறிவு என்று அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி இங்கே மிகவும் பொருந்தும்.

இரண்டு செய்திகளில் கூடுதல் விழிப்பு வேண்டும். ஒன்று, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வேறொன்றை அருந்தச் சொல்வது. மற்றொன்று, அன்னதானம், கும்பாபிஷேகம், பிரசாதம் என்று சொல்லிப் பணம் கேட்பது. முன்னதை மருத்துவரிடமும், பின்னதைக் கோயில் அலுவலகத்திலும் கேட்டறிந்த பின்னரே எதையும் செய்ய வேண்டும். ஏமாற்றப்பட்டது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் அளித்தால், பணத்தை மீட்கும் வாய்ப்பு உண்டு.

ஐந்து பாடல் போதும்

எவ்வளவு போதும் என்பதைத் திருக்கோயில் வழிபாடே காட்டித் தருகிறது. பன்னிரு திருமுறைகளில் 18,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. பூஜையின்போது ஓதுவார் பாடுவதோ பஞ்சபுராணம்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு பாடல். அவ்வைந்தில் பூஜை நிறைவுறுகிறது. வைணவ மரபிலும் நாலாயிரம் முழுவதையும் நாள்தோறும் ஓத வேண்டும் என்று எவரும் வற்புறுத்தவில்லை. நாள்தோறும் ஓதுவதற்கென நித்தியானுசந்தானம் என்று ஒரு பகுதியை ஆசாரியர்கள் வகுத்து வைத்தனர். கடலளவு கையிலிருக்கும்போது கையளவு கொள்வதே மரபு.

வீட்டிலும் இவ்வளவைக் கடைப்பிடிக்கலாம். நாள்தோறும் சொல்வதற்கு ஒரு துதி. நாள் பார்க்க ஒரு பஞ்சாங்கம். ஐயம் கேட்கக் கற்றறிந்த ஒருவர். உடம்புக்கு ஒரு மருத்துவர். பூஜை முடியும்வரை கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். செய்திகளைப் பார்ப்பதற்கு மதிய உணவுக்குப் பின் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். குழுக்களிலிருந்து விலகுவது மனத்தாங்கலை உண்டாக்கும் என்று தோன்றினால், அவற்றின் ஒலியை மட்டும் நிரந்தரமாக நிறுத்திவைக்க வழியுண்டு. பேரக்குழந்தைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் செய்து தருவார்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு கடமை உண்டு. தொலைவில் இருப்போர் நாளுக்குப் பத்துப் படங்களைப் பெற்றோருக்கு அனுப்புவதைவிட, மாலையில் அழைத்து இரண்டு வார்த்தை பேசுவது அவர்களுக்குப் பெரும் ஆறுதல்.

இரவில் விளக்கணைத்துத் திருநீறோ திருமண்ணோ இட்டுப் படுக்கும்போது, படிக்காத செய்திகள் முந்நூறு காத்திருக்கக்கூடும். வேண்டியவற்றை இறைவன் முன்பே தந்துவிட்டான். மற்றவற்றைக் கறையானுக்கு விட்டுவிடலாம்.