வெளிச்சத்தில் மிரளும் சாது

சாதாரண மாத்திரை தொண்டைக்குள் இறங்கியதும் வேலையை ஆரம்பித்துவிடும். உத்தரவுக்குக் காத்திருக்காது. ஆனால், நம்ம ஆபீஸ் ஃபைல் மாதிரி ஒரு மருந்து இருக்கிறது. உடம்புக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கும். சிவப்பு வெளிச்சம் பட்டால்தான் நகரும். நகர்ந்தால், பக்கத்திலிருக்கும் புற்றுநோய் செல்கள் காலி! சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்களே, அந்தக் கதைதான்.

இதைச் சாதித்தவர் தாமஸ் டோகர்ட்டி. அமெரிக்காவில், பஃபலோ நகரத்து ரோஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தில் இருந்தவர். வைத்தியம் படித்தவர் இல்லை சார், கெமிஸ்ட்!

ஐடியா பழசு. 1900-ல் ம்யூனிக் மாணவர் ஆஸ்கர் ராப், சாயமும் வெளிச்சமும் சேர்ந்தால் பாரமீசியங்கள் சாவதைப் பார்த்தார். 1912-ல் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மன் டாக்டர், ரத்தத்திலிருந்து கிடைக்கும் ஹெமட்டோபார்ஃபிரினைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு வெயிலில் போனார். முகம் இட்லியாக வீங்கியது! 1960-களில் மேயோ க்ளினிக்கில் லிப்சன் என்பவர், இதே சரக்கைக் கொஞ்சம் மாற்றி ஊசி போட்டால் கட்டிகள் சிவப்பாக ஒளிர்வதைக் கண்டார். ஆக, கட்டியைக் காட்டிக்கொடுக்கவும் தெரியும், தீர்த்துக்கட்டவும் தெரியும்.

இரண்டையும் வைத்துக்கொண்டு டோகர்ட்டி உட்கார்ந்தார். 1975-ல் எலிகளின் கட்டிகள் மறைந்தன. 1978-ல் மனிதர்கள்: 25 நோயாளிகள், 113 கட்டிகள். அதில் 111 முழுசாகவோ ஓரளவோ அடங்கின.

எப்படி? ஊசி போட்டு 40, 50 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நல்ல செல்கள் பெரும்பாலும் மருந்தை வெளியே தள்ளிவிடும், கட்டியில் தங்கிவிடும். பிறகு மெல்லிய ஃபைபர் வழியாக 630 நானோமீட்டர் சிவப்பு லேசர். மருந்து அந்தச் சக்தியை வாங்கிப் பக்கத்திலிருக்கும் ஆக்ஸிஜனிடம் கொடுக்கும். வெறி பிடித்த அந்த ஆக்ஸிஜனுக்குக் கண நேரம்தான் ஆயுசு. அதற்குள் அக்கம்பக்கத்து செல்லை முடித்துவிடும். தள்ளியிருக்கும் செல்லுக்கு ஆபத்தில்லை.

குறையும் உண்டு. வெளிச்சம் சதைக்குள் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் போகும். ஆழத்திலுள்ள பெரிய கட்டிக்குப் பத்தாது. சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது 30 நாள் வெயிலில் தலைகாட்டக் கூடாது. இந்தத் தொல்லையைக் குறைக்க, ரவீந்திர பாண்டேயுடன் சேர்ந்து அடுத்த தலைமுறை மருந்திலும் டோகர்ட்டி இறங்கினார்.

முதல் மருந்துக்குப் பெயர் ஃபோட்டோஃப்ரின். கனடா 1993-ல் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அனுமதித்தது. அமெரிக்கா 1995-ல் உணவுக்குழாய்ப் புற்றுக்கு. சாப்பாடு இறங்காமல் அடைத்துப்போனவர்களுக்கு ஒரு வாய் கஞ்சி இறங்க வழி! காட்டிக்கொடுக்கும் வேலையும் நிற்கவில்லை. 2017-ல் அமெரிக்காவில் அனுமதியான இன்னொரு மருந்தைக் குடித்துவிட்டுப் படுத்தால், ஆபரேஷன் மேஜையில் நீல வெளிச்சத்தில் மூளைக்கட்டி ரோஸ் நிறத்தில் தெரியும். சர்ஜனுக்கு எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்று புரியும்.

டோகர்ட்டி 2018-ல் காலமானார். எனக்கு அவரைப் பிடித்தது மூளைக்காக மட்டுமில்லை. எலியிலிருந்து அமெரிக்க அனுமதி வரை 20 வருஷம்! இன்க்ரிமென்ட் இரண்டு மாசம் தள்ளிப்போனாலே ரிசைன் லெட்டர் டைப் அடிக்கிற ஜாதி நாம். அவரோ அதே மூலக்கூறோடு அதே பஃபலோவில் இருந்தார்.