நடையிற் பிறந்த பாட்டு

தைத் திங்களில் நிறைமதியும் பூச விண்மீனும் கூடும் நாளே தைப்பூசம். நெகிரி செம்பிலானில் அது பொது விடுமுறை. ரந்தாவ் வட்டாரத்துத் தோட்ட மக்களுக்கும் அந்நாள் காவடியின் நாள்; காவடிக்குரிய பாட்டோ சிந்து. அப்பாட்டின் இலக்கணம் நடப்போர் காலடியிற் பிறந்தது என்பதைத் தமிழாசிரியர் மறத்தலாகாது.

அளவொத்த ஈரடிகள் இணைந்து வருவது சிந்து. வெண்பா முதலியவற்றை நேர், நிரை என அசைபிரிப்பர். சிந்திலோ, குறிலாயினும் நெடிலாயினும் ஓரெழுத்து ஓரசையாகும். ஒற்று கணக்கில் வாராது. எழுத்துக் குறையுமிடத்தைப் பாடுவோர் நீட்டி இசைத்து நிரப்புவர். 'தகிட' என மும்மூன்றாகவும், 'தகதிமி' என நந்நான்காகவும் அசைகள் அடுக்கி வரும். ஆகலின், விரல்விட்டு எண்ணுவதினும் அடியெடுத்து வைத்து எண்ணுதல் எளிது. வழிநடைச் சிந்து, நொண்டிச் சிந்து என்னும் பெயர்களே இவ்வுறவைக் காட்டும்.

காவடிச் சிந்துக்கு இலக்கியத் தகுதி ஈட்டித் தந்தவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில், கழுகுமலை முருகன்மீது அவர் பாடினார். தேவர் காவடியெடுத்துச் சென்றபோது வழிநெடுகப் பாடப்பெற்றவை அவை என்பர். பின்னர்ப் பாரதியாரும் சிந்து மெட்டுகளைக் கையாண்டார்.

மலாயாவுக்கு வந்த தமிழர் இப்பாட்டையும் உடன் கொணர்ந்தனர். பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடைபெற்று வருகிறது. காவடியின்முன் ஒருவர் முன்பாட, குழுவினர் பின்பாடுவர். முன்பாடுவோர் மூச்செடுக்கும் இடைவெளியைக் குழுவின் குரல் நிரப்பும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலும் இம்முறை உண்டு. அம்மரபிற் கிளைத்தவையே 1960களில் டெட்ராய்ட் நகரிற் புகழ்பெற்ற டெம்ப்டேஷன்ஸ் முதலிய 'சோல்' இசைக்குழுக்கள். ஆனால் நியூயார்க்கில் 1924இல் தொடங்கிய நன்றி நவிலும் நாள் ஊர்வலத்தில், அலங்கார ஊர்திகளில் வரும் பாடகர் பலர் இன்று பதிவு செய்த ஒலிக்கு வாயசைக்கவே செய்கின்றனர்.

நம் ஊர்வலங்களிலும் ஒலிபெருக்கியும் பதிவுப் பாட்டும் புகுந்துள்ளன. உருமியைக் குறைகூறுவதிற் பயனில்லை, அத்தாளமும் தமிழருடையதே. ஆயின், பின்பாடுவோர் வாய் மூடினால் சொல் மறையும். சொல் மறைந்தால் யாப்பும் மறையும்.

இதனைக் காக்கப் பள்ளிகளால் இயலும். மாணவரை ஈரணியாக்கி, ஓரணி முன்பாட மற்றோரணி விடையிறுக்க, நடந்துகொண்டே சிந்தைப் பயிற்றலாம். கரும்பலகையில் அரைமணி நேரத்தில் விளங்காத அசைக்கணக்கு, பள்ளி முற்றத்தில் பத்தடி நடந்தால் விளங்கிவிடும்.